மிஞ்சிய 26 டாலர் 50 சென்ட்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள், பதிவு எங்கும் போய்விடாது.

சேவைச் சங்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கண் சிகிச்சை முகாம், ரத்ததானம், நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா என்று எழுதுவார்கள். அந்தச் சங்கங்களின் கணக்குப் புத்தகத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் எடுத்த இடைநிலை ஆசிரியன். காலையில் கணக்கு, மதியம் சமூக அறிவியல். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு சிறிய சேவைச் சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். அதனாலோ என்னவோ, எந்தச் சங்கத்தின் வரலாற்றைப் படித்தாலும் என் கண் நேராகப் பணம் எங்கிருந்து வந்தது, செலவு போக என்ன மிஞ்சியது, மிஞ்சியதை என்ன செய்தார்கள் என்பதற்குத்தான் போகிறது.

அப்படிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த கதை ரோட்டரி சங்கத்தின் கையிருப்புக் கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ரோட்டரி உறுப்பினர் இல்லை. அவர்களுக்காக விளம்பரம் செய்யவும் இல்லை.

1905 பிப்ரவரி 23. அமெரிக்காவில் சிகாகோ நகரம். பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய மூன்று நண்பர்களும் ஓர் அலுவலக அறையில் கூடினார்கள். ஒருவர் சுரங்கப் பொறியாளர், அறை அவருடையது. இன்னொருவர் நிலக்கரி வியாபாரி. மூன்றாமவர் தையல்காரர். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழற்சியாகக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. நான்கு பேரும் வெளியூரிலிருந்து அந்தப் பெரிய நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். தெரிந்த முகம் வேண்டும், பழக ஆள் வேண்டும், கூடவே வியாபாரமும் நடக்க வேண்டும். அவ்வளவுதான் ஆரம்பம்.

இதில் சேவை எங்கே என்று கேட்காதீர்கள். அப்போது இல்லை. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வியாபாரம் கொடுத்தார்கள் என்று குறித்து வைக்கவே சங்கத்தில் ஒரு புள்ளிவிவரப் பொறுப்பாளர் இருந்தார். நீ அவரிடம் கரி வாங்கினாயா, அவர் உன்னிடம் சட்டை தைத்தாரா என்று கணக்கு. கூட்டத்துக்கு வராதவர்களிடம் வாங்கிய அபராதம் சங்கச் செலவுக்குப் பயன்பட்டது. நம் ஊர் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் மாதாந்திர விருந்து மாதிரி ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும்.

1906ல் சங்க விதிகளை எழுதினார்கள். உறுப்பினர்களின் வியாபார நலன், உறுப்பினர்களின் நட்பு, இந்த இரண்டுதான் நோக்கம். அந்த வருடமே டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சேர அழைத்தார்கள். அவர் விதிகளைப் படித்துவிட்டு, தனக்குள்ளேயே சுருங்கிக் கிடக்கும் சங்கம் நீடிக்காது, ஊருக்கு ஏதாவது செய்வதாக இருந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். சங்கம் அதை ஏற்று, ஊர் நலனை மூன்றாவது நோக்கமாகச் சேர்த்தது. வெளியே நின்று கேள்வி கேட்ட ஒருவரால் ஒரு சங்கத்தின் பாதை திரும்பியது. கேள்வி கேட்கிறவனை விரோதியாகப் பார்க்கும் நம் செயலாளர்கள் சிலருக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

மூன்றாவது நோக்கத்தின்படி அவர்கள் எடுத்த முதல் பெரிய வேலை என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை. 1907ல் ஆரம்பித்தார்கள். சிகாகோ நகர மன்றக் கட்டடத்தின் பக்கத்தில் பொதுமக்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட வேண்டும் என்று நகராட்சியையும் மற்ற அமைப்புகளையும் கூட்டி வற்புறுத்தினார்கள். இதற்கு எதிர்ப்பும் வந்தது. பீர் உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். ஆண்களுக்குத்தான் எங்கள் மதுக்கடைகளில் கழிப்பறை இருக்கிறதே, தனியாக எதற்கு என்று. பெரிய ஜவுளிக் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள், பெண்களுக்கு எங்கள் கடைகளில் இருக்கிறது என்று. கழிப்பறைக்கு வருகிறவன் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிப்பான், கழிப்பறைக்கு வருகிறவள் ஒரு ரிப்பனாவது வாங்குவாள். அந்த வரும்படி போய்விடும் அல்லவா? கடைசியில் 1909ல் கழிப்பறை திறக்கப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் காலச் சங்கங்களிடம் கையிருப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு வேலை எடுப்பார்கள், அதற்கு வசூல் செய்வார்கள், வேலை முடியும், பணமும் முடியும். அடுத்த வேலைக்கு மறுபடியும் தட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இன்றும் நம் ஊர்களில் பாதிச் சங்கங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

இதை மாற்ற நினைத்தவர் ஆர்ச் கிளம்ஃப். ஒஹையோ மாநிலம் கிளீவ்லேண்ட் நகரத்துக்காரர். ஒரு மரக் கம்பெனியில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்து, பிற்காலத்தில் அந்தக் கம்பெனிக்கே முதலாளி ஆனவர். புல்லாங்குழலும் வாசிப்பார். ஆபீஸ் பையனாக இருந்தவனுக்குத்தான் மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று தெரியும், இது என் ஊகம்.

1913ல் கிளம்ஃப் கிளீவ்லேண்ட் ரோட்டரி சங்கத்தின் தலைவர். அப்போது தன் சங்கத்தாரிடம், வருகிற காலத்தில் நல்ல வேலைகள் செய்ய வழி இருக்க வேண்டுமானால் இப்போதே ஒரு கையிருப்பைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னார். ஒரே ஒரு ஊர், ஒரே ஒரு சங்கம். பெரிய உலகத் திட்டம் எதுவும் அவர் கையில் இல்லை.

நான்கு வருடம் கழித்து, 1917ல், அவர் ஒட்டுமொத்த ரோட்டரிக்கும் தலைவராக இருந்தார். அட்லாண்டா நகரில் மாநாடு. முதல் உலகப் போரில் அமெரிக்கா அப்போதுதான் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் மேடையேறி, உலகில் நல்லது செய்வதற்கு ஓர் அறநிதி வேண்டும் என்றார். கல்விக்கும், தர்ம காரியங்களுக்கும், சமூக முன்னேற்றத்துக்குமான நிதி.

கேட்டவர்கள் கை தட்டியிருப்பார்கள். பணம் வந்ததா? மறு வருடம் மாநாடு கான்சாஸ் சிட்டியில் நடந்தது. மாநாட்டுச் செலவெல்லாம் போக மிஞ்சிய 26 டாலர் 50 சென்டை அந்த ஊர்ச் சங்கம் கிளம்ஃப் சொன்ன நிதிக்குக் கொடுத்தது. அதுதான் முதல் நன்கொடை. ஆயிரம் டாலர் கொடுத்த கோடீஸ்வரர் யாரும் முதலில் வரவில்லை. ஒரு விழா முடிந்தபின் சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் கொடுத்தது போக டப்பாவில் என்ன கிடக்குமோ, அந்த மாதிரிப் பணம்.

நான் பொருளாளராக இருந்தபோது இந்த 26.50 என்ற எண்ணை ரொக்கப் புத்தகத்தின் உள்பக்க அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். யாராவது விழா முடிந்ததும், மிஞ்சினது 340 ரூபாய்தானே சார், எல்லாருக்கும் காபி வாங்கிடுவோம் என்று சொன்னால் அந்த அட்டையைக் காட்டுவேன். சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் காபி போன வருத்தம்.

அதற்குப் பிறகும் கதை வேகமாக ஓடவில்லை. அட்லாண்டா பேச்சுக்கு ஆறு வருடம் கழித்துப் பார்த்தால் நிதியில் இருந்தது 700 டாலர். ஆறு வருடத்துக்கு 700 என்றால் வருடத்துக்குச் சுமார் 117. அத்தனை ஊர்களில் சங்கம் வைத்திருந்தவர்கள் சேர்த்தது இவ்வளவுதான். கிளம்ஃப் விடவில்லை. 1928ல் மின்னியாபொலிஸ் மாநாட்டில் அந்த நிதிக்கு ரோட்டரி அறக்கட்டளை என்று பெயர் வைத்து, சங்க நிர்வாகத்திலிருந்து தனியாகப் பிரித்து, ஐந்து அறங்காவலர்களை நியமித்தார்கள். தலைமை அறங்காவலர் கிளம்ஃப். அப்போது இருப்பு 5,000 டாலரைத் தாண்டியிருந்தது.

பணம் கொஞ்சமாக இருக்கும்போதே தனியாகப் பிரித்ததுதான் இந்தக் கதையின் சாமர்த்தியம் என்பது என் எண்ணம். சங்கத்தின் பொதுக் கணக்கில் கிடந்திருந்தால் எந்த வருடத்துத் தலைவராவது எடுத்து விருந்துக்கோ கட்டடத்துக்கோ செலவு செய்திருப்பார். இந்தச் சங்கங்களில் தலைவர் பதவி ஒரு வருடம்தான். ஜூலை முதல் தேதி ஒருவர் வருவார், அடுத்த ஜூன் 30 அன்று போய்விடுவார். அந்த ஒரு வருடத்தில் தன் பெயர் தெரிய வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? முந்தின தலைவர் மிச்சம் வைத்துப் போனதை இவர் செலவழித்துப் பெயர் வாங்குவார். இவர் மிச்சம் வைத்தால் அந்தப் பெயர் அடுத்தவருக்குப் போகும். அப்புறம் எவர் மிச்சம் வைப்பார்? ஆட்களின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அமைப்பே அப்படி. ஒரு வருடத் தலைவரின் கை எட்டாத இடத்தில் வைத்தால்தான் கையிருப்பு கையிருப்பாக இருக்கும்.

இந்த யோசனை ஏதோ அமெரிக்காவில்தான் தோன்றியது என்று நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு விளக்கு என்றென்றும் எரிய வேண்டும் என்று ஒருவர் 96 ஆடு கொடுப்பார். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா, கிழடாகாதா? சாகும். ஆனால் குட்டி போடும். கணக்கில் எப்போதும் 96 இருக்க வேண்டும், அதுதான் பொருள். காசாகக் கொடுத்தவர்களும் உண்டு. அதை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி வாங்கினார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதலைத் தொடக்கூடாது, பலனை மட்டும் எடுக்க வேண்டும் என்ற விதியைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நாம் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதக்கூடச் சோம்பல்படுகிறோம்.

மறுபடி கிளம்ஃபிடம் வருவோம். 1917ல் பேசிய நிதியிலிருந்து முதல் உதவி எப்போது போனது? 1930ல். நடுவில் 13 வருடம். எங்கள் ஊரில் 13 வருடம் ஒரு பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் பொருளாளர் வீட்டு மாடி எப்படி எழும்பியது என்று பேச்சு வந்திருக்கும்.

முதல் உதவி 500 டாலர், உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒரு சர்வதேசச் சங்கத்துக்கு. அதை உருவாக்கியவர் எட்கர் ஆலன். ஒஹையோவில் எலிரியா என்ற சிறு நகரத்து வியாபாரி, ரோட்டரி உறுப்பினர். 1907ல் நடந்த டிராம் விபத்தில் தன் மகனைப் பறிகொடுத்தவர். ஊரில் நல்ல ஆஸ்பத்திரி இல்லாததால்தான் பையன் போனான் என்ற துக்கத்தில் வியாபாரத்தை விட்டுவிட்டு, நிதி திரட்டி ஆஸ்பத்திரி கட்டினார். அங்கே வந்த ஊனமுற்ற குழந்தைகளைப் பார்த்த பிறகு அவர்களுக்காகத் தனிச் சங்கம் ஆரம்பித்தார். 13 வருடம் காத்திருந்த பணம் போய்ச் சேர்ந்த இடம் அது. சரியான இடம்தான்.

அடுத்து வந்தது பொருளாதார மந்தம், பிறகு இரண்டாம் உலகப் போர். 1937ல் 20 லட்சம் டாலர் திரட்டுவதாக இலக்கு வைத்தார்கள், போர் வந்து அதைத் தூக்கிப் போட்டது. 1947 ஜனவரி 27 அன்று பால் ஹாரிஸ் இறந்தார். மாலை, மலர்வளையம் வேண்டாம், அந்தப் பணத்தை அறக்கட்டளைக்குக் கொடுங்கள் என்பது அவருடைய விருப்பம். 18 மாதத்தில் 13 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. முப்பது வருடம் சொட்டுச் சொட்டாக வந்த இடத்தில் வெள்ளம். அந்தப் பணத்தில் முதல் வருடம் 18 மாணவர்களை வெளிநாட்டில் படிக்க அனுப்பினார்கள்.

இங்கே நிறுத்தி ஒன்று கேட்கிறேன். பால் ஹாரிஸ் இறந்த அன்று அப்படி ஓர் அறக்கட்டளையே இல்லாமல் இருந்திருந்தால்? சங்கங்கள் ஆளுக்கொரு மாலை வாங்கியிருக்கும், இரங்கல் கூட்டம் போட்டிருக்கும், ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்திருக்கும். பணம் வந்த அன்று அதை வாங்கி வைக்க, பெயரும் விதியும் அறங்காவலரும் உள்ள ஒரு பாத்திரம் 19 வருடமாகத் தயாராக இருந்தது. 700 டாலரும் 5,000 டாலரும் செய்த உண்மையான வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிளம்ஃப் 1951ல் இறந்தார். இந்த வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

போலியோ கதையை எல்லோரும் அறிவீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1979ல் பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க 7,60,000 டாலர் ஒதுக்கினார்கள். 1985ல் உலகம் முழுவதற்கும் 12 கோடி டாலர் திரட்டுவதாக அறிவித்தார்கள். 1988ல் எண்ணிப் பார்த்தபோது 24.7 கோடி. இந்தியாவில் கடைசி போலியோ 2011 ஜனவரி 13, மேற்கு வங்கம் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27 அன்று நம் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று சான்று கிடைத்தது. என் வயது ஆசிரியர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மறக்காது. பள்ளி வராந்தாவில் மேஜை போட்டு, ஐஸ் பெட்டியில் மருந்து வைத்து, குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புவோம். வெயிலுக்கு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். அந்தத் தொப்பிக்குப் பின்னால் 26 டாலர் 50 சென்ட் இருந்தது அன்று எனக்குத் தெரியாது.

இலங்கையில் போர் நடந்த காலத்திலும் சொட்டு மருந்து நாட்களுக்காகத் துப்பாக்கிகள் சில நாள் ஓய்ந்தன. யுனிசெஃப் அமைப்போடு சேர்ந்து அதற்காகப் பேசியவர்களில் ஒருவர் கே.ஆர். ரவீந்திரன், கொழும்புக்காரர். அங்கே ரோட்டரியின் போலியோ பணிக்குத் தலைவராக இருந்தவர், பின்னால் 2015-16ல் உலக ரோட்டரிக்கே தலைவரானார்.

இனி நம் ஊர். ரோட்டரி இந்தியாவுக்கு 1919-20ல் கல்கத்தா வழியாக வந்தது, சென்னைக்கு 1929ல். லயன்ஸ் சங்கம் 1956ல் பம்பாய்க்கு வந்தது. லயன்ஸ் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். 1917ல் அதை உருவாக்கிய மெல்வின் ஜோன்ஸ் சிகாகோவில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். உறுப்பினர்களின் பண லாபத்தைச் சங்கத்தின் நோக்கமாக வைக்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே விதி எழுதிவிட்டார்கள். பக்கத்துச் சங்கத்தில் இருந்த புள்ளிவிவரப் பொறுப்பாளரை நினைத்துக்கொண்டு எழுதினார்களோ என்னவோ! இன்னொரு நல்ல வழக்கமும் அவர்களிடம் உண்டு. கணக்கு இரண்டு. உறுப்பினர் சந்தா வருவது நிர்வாகக் கணக்கு. கூட்டச் செலவு, தபால், வாடகை எல்லாம் அதிலிருந்து. பொதுமக்களிடம் வாங்கியது சேவைக் கணக்கு, அதில் ஒரு பைசாகூட நம் டீக்குப் போகக்கூடாது, முழுதும் பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும்.

நான் பொருளாளர் ஆனதும் முதலில் செய்தது இதுதான். எங்கள் சங்கம் இந்த இரண்டிலும் சேராதது, ஊர்க்காரர்களே ஆரம்பித்துப் பதிவு செய்த சின்னச் சங்கம், உறுப்பினர் முப்பத்துச் சொச்சம். ஒரே பேங்க் கணக்கு, ஒரே ரொக்கப் புத்தகம். சந்தாவும் அதில், நிவாரண வசூலும் அதில், தலைவர் கைமாற்றாகக் கொடுத்ததும் அதில். சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் ஒரே அண்டாவில். இரண்டாகப் பிரிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

பிரித்த பிறகுதான் தெரிந்தது, நாங்கள் கையிருப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த டெபாசிட்டில் பாதி கையிருப்பே இல்லை. ஒரு பகுதி மாணவர் உதவிக்கு என்று ஒரு குடும்பம் கொடுத்தது. ஒரு பகுதி சுடுகாட்டுப் பாதைக்கு விளக்கு போட வாங்கி, நகராட்சியே போட்டுவிட்டதால் நின்றுபோனது. ஒரு காரியத்துக்கு என்று சொல்லி வாங்கிய பணம் அந்தக் காரியத்துக்குத்தான். அதைச் சேமிப்பு என்று எழுதினால் கணக்கு அழகாக இருக்கும், நியாயமாக இருக்காது. விளக்குக்குக் கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்து, வீடு வீடாகப் போய், இதை என்ன செய்யட்டும் என்று கேட்டோம். இரண்டு பேர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் பொதுவில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் அது எங்கள் பணம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. டெல்டாவில் இருக்கும் எங்கள் ஊரைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை, தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்த படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். மின்சாரம் இல்லை, செல்போன் டவர் இல்லை, பேங்க் திறந்தாலும் கம்ப்யூட்டர் இல்லை. டெபாசிட் இருக்கிறது, எடுக்க முடியவில்லை!

கூரை போன வீடுகளுக்குத் தார்ப்பாய் வேண்டும். நாங்கள் மூன்று பேர் பக்கத்து ஊர்ப் பெரிய கடைக்குப் போனோம். கடைக்காரரிடம் டெபாசிட் ரசீதைக் காட்டினேன். அவர் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்க சங்கத்துல கணக்கு ஒழுங்கா இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன் சார், எடுத்துட்டுப் போங்க” என்றார். அன்று சாயங்காலமே தார்ப்பாய் போய்ச் சேர்ந்தது. 12 நாள் கழித்துப் பணம் கொடுத்தோம். அதே வாரம், எங்களைவிடப் பெரிய, மேடையும் பேனரும் நிறைய உள்ள இன்னொரு சங்கம் வசூலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஊரே விழுந்து கிடக்கும்போது யாரிடம் வசூல் செய்வது? கொடுக்கிறவனே வாங்குகிற வரிசையில் நிற்கிறான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். போன மாதம் எங்கள் செயற்குழுவில் ஒரு சின்ன வயது உறுப்பினர், மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பி, நேராகக் கேட்டார்: “சார், பெண்கள் பள்ளிக்கூடத்துல கழிவறைக் கதவு இல்லாம பிள்ளைங்க துப்பட்டாவைக் கட்டி மறைச்சிக்குதுங்க. நம்ம பணம் பேங்க்ல வட்டி தின்னுட்டு இருக்கு. இது சேவைச் சங்கமா, சீட்டுக் கம்பெனியா?”

மூத்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி டொனால்ட் கார்ட்டர் கேட்ட கேள்வியாகவே பட்டது. 1907ல் அவர்கள் முதலில் கட்டியதும் கழிப்பறைதானே? தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எதற்கு என்று எழுதி வைக்காத கையிருப்பு, நாளாக ஆக, பொருளாளரின் பெருமையாக மட்டும் மாறிவிடும். புயல் வரும் என்று சொல்லிச் சொல்லியே, கண்ணெதிரே இருக்கும் கதவில்லாத கழிவறையைப் பார்க்காமல் இருக்கலாம். அது சிக்கனம் ஆகாது. பணம் கொடுத்த மக்கள் வட்டி விகிதம் பார்த்துக் கொடுக்கவில்லை.

சட்டமும் இப்படித்தான் நினைக்கிறது. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தில் 11ஆம் பிரிவு, வரிவிலக்கு பெற்ற அறநிறுவனம் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அறக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்றது. 15 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால் இன்ன காரியத்துக்கு என்று எழுதிக் கொடுத்து, அதிகபட்சம் 5 வருடத்துக்குள் அதே காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். அதாவது, சேர்த்து வை, ஆனால் எதற்கு என்று சொல், எப்போது என்றும் சொல். ஆடிட்டர் இதை விளக்கியபோது எனக்குக் கிளம்ஃப் ஞாபகம்தான் வந்தது.

ரோட்டரி அறக்கட்டளையும் இன்று இரண்டு மாதிரியும் வைத்திருக்கிறது. ஆண்டு நிதிக்கு வருகிற நன்கொடையை மூன்று வருடம் முதலீட்டில் வைத்து, அதில் வரும் வருவாயை நிர்வாகத்துக்கும் நிதி திரட்டும் செலவுக்கும் எடுத்துக்கொண்டு, மூன்று வருடம் முடிந்ததும் அசலில் பெரும்பகுதியைத் திட்டங்களுக்குச் செலவழித்துவிடுகிறார்கள். அறநிதிக்கு வருவதில் முதலைத் தொடாமல் பலனை மட்டும் எடுக்கிறார்கள். ஒன்று செலவாகிற பணம், மற்றது சாவா மூவாப் பேராடு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம் சின்னச் சங்கங்களின் சிக்கல். அந்தத் தம்பி செலவாகிற பணத்தைப் பற்றிப் பேசுகிறார், மூத்தவர்கள் ஆட்டைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆகவே வரும் பொதுக்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் தீர்மானம் இது. ஒரு வருட நிர்வாகச் செலவுக்கு ஆகும் தொகையும், 100 தார்ப்பாயும் 100 குடும்பத்துக்கு ஒரு வார அரிசியும் வாங்க ஆகும் தொகையும் தனி டெபாசிட்டாக இருக்க வேண்டும். அதை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, செயற்குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். எடுத்தால் இரண்டு வருடத்தில் திரும்ப நிரப்ப வேண்டும். மாணவர் உதவிக்குக் குடும்பம் கொடுத்த தொகையில் முதல் அப்படியே, வட்டி மட்டும் பிள்ளைகளுக்கு. இவை போக மீதி இருப்பதெல்லாம் இந்த வருடமே செலவாக வேண்டும், முதல் செலவு பெண்கள் பள்ளிக் கழிவறைக்குக் கதவு, தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய். மூன்று கதவுக்குத் தம்பியே விலை விசாரித்துக் கொண்டுவந்துவிட்டார்.

மூத்தவர் ஒருவர், என்னைவிட எட்டு வயது பெரியவர், ஃபோன் பண்ணினார். “வாத்தியாரே, நீயும் அவன் பக்கம் சாய்ஞ்சிட்டியா? நாளைக்கு இன்னொரு கஜா வந்தா?” என்றார். தார்ப்பாய்க் கணக்கை அவரிடம் படித்துக் காட்டினேன். “நூறு போதாது, நூத்தைம்பதுன்னு போடு” என்றார். போட்டிருக்கிறேன். அதனால் கதவு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைகிறது, மூன்றாவதுக்கு ஆள் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊர்ச் சங்கங்களில் கையிருப்புக்கு எழுத்தில் விதி இருந்தால் அந்த வாசகத்தை இங்கே பதியுங்கள். எங்கள் பொதுக்குழு ஞாயிறு காலை 10 மணிக்கு. அதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.